எருக்கலை வெளிக் கோடுகள்

பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது பிளாஸ்ரிக் கதிரைகள், ஆளுக்கொரு சோடா, இரண்டு பிஸ்கற், வருகைப் பதிவில் ஒரு கையெழுத்து. முன்வரிசையில் இருக்கும் நான்கு ஆண்கள் மாறி மாறிக் கதைப்பார்கள். பின்வரிசைப் பெண்கள் அடுப்பில் கறி கிடக்கிறதே என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு “மக்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்” என்று ஓர் அறிக்கை போகும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். அதனால்தான் வெள்ளைமுனையில் வரவிருந்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சனத்தின் கருத்தைக் கேட்க ஓர் இணையத்தளம் செய்து தரமுடியுமா என்று கட்டடத் திட்டத்துக்காரர் கேட்டபோது, என்ன ஏது என்று விசாரிக்காமலே தலையாட்டிவிட்டேன்.

வெள்ளைமுனை என் சொந்த ஊர். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போகிற வழியில், குடாக்கரையில் இருக்கிறது. கரையோரமாக வடக்கே நாங்கள், கத்தோலிக்கர். தெற்கே முஸ்லிம் குடும்பங்கள். இரண்டு பக்கத்துக்கும் பின்னால், பெரிய றோட்டு வரைக்கும் கிடக்கிற அரச காணிதான் எருக்கலை வெளி. எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை இறங்கிவிட்டது. அவர்களுடைய பள்ளிக்கூடத்தின் சுவர் வெடித்துவிட்டது. அடுத்த வருடம் இரண்டிலும் முதலாம் ஆண்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்து, வெளியிலே புதிதாக ஒரு பள்ளிக்கூடம். றோட்டோரம் கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் கரைப்பக்கமாக விளையாட்டுத் திடல்.

என் மகள் டிலக்ஷிக்கு ஐந்து வயது. புருசன் கட்டாரில். பள்ளிக்கூடம் வராவிட்டால் அவளை விடிய ஆறு மணி பஸ்ஸில் மூதூருக்கு அனுப்பவேண்டும். அதுவும் நின்றுகொண்டு போகவேண்டும். எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். வேலைக்காகச் செய்தேன், ஊருக்காகச் செய்தேன் என்றெல்லாம் பிறகு பலருக்குச் சொன்னேன். மகளுக்காகத்தான் செய்தேன்.

திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையில் நானும் மதுசனும் வேலை செய்கிறோம். நான் வடிவமைப்பேன், அவன் நிரல் எழுதுவான். அவன் நிலாவெளிக்காரன், வெள்ளைமுனையைப் படத்தில்தான் பார்த்தவன். நாங்கள் செய்த தளத்தில் எனக்கு மிகப் பிடித்தது “பள்ளிக்கூடப் பாதை” என்ற பகுதி. ஊரின் வரைபடம் போனில் வரும். பெற்றோர் தங்கள் வீட்டுக் கூரையில் விரலை வைத்து, பிள்ளை நடந்து போகும் வழியே இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கட்டடத்தின் வாசலில் விடவேண்டும். பெயரும் வயதும் எழுதினால், அந்தக் கோட்டின் மேல் ஒரு சின்னப் புள்ளி, பிள்ளையின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கும். வாசலுக்கு வராமல் நடுவழியில் விரலை எடுத்துவிட்டால் ஒரு செய்தி வரும். “உங்கள் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை. பாதையைத் தொடருங்கள்.” அந்த வசனம் நான் எழுதியது. எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் இருநூற்றுப் பதினான்கு கோடுகள் வந்தன. கதிரை, சோடா, பிஸ்கற் எதுவும் இல்லாமல். குசினியிலிருந்தும் வள்ளத்திலிருந்தும் விரல்கள் கீறிய கோடுகள். ஒரு முற்பகல் அவை எல்லாவற்றையும் ஒன்றாக வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

விளையாட்டுத் திடல் வரவிருந்த இடத்தில், நட்ட நடுவில், ஓர் ஓட்டை.

வடக்கு வீடுகளிலிருந்து வந்த கோடுகள் அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் இடப்பக்கமாக வளைந்தன. தெற்கு வீடுகளிலிருந்து வந்தவை வலப்பக்கமாக வளைந்தன. தாண்டியபின் எல்லாம் திரும்பவும் ஒன்றுசேர்ந்து வாசலுக்குப் போயின. ஒரு கோடுகூட ஊடறுக்கவில்லை. நடுவில் மிஞ்சிய இடம் நீளவாக்கில், ஒரு பஸ் நிறுத்தக்கூடிய அளவில் இருந்தது. செய்மதிப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மரம் இல்லை, கிணறு இல்லை, பள்ளம் இல்லை. புல்லுத்தான்.

“உன்ர நிரலில பிழை,” என்று மதுசனைப் பிடித்தேன்.

அவன் தன் போனை எடுத்து, ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு கோடு கீறினான். அது ஓட்டையின் நடுவால் நேரே போனது.

“என்ர கோடு நேராத்தானே போகுது, அக்கா. நிரல் என்ன செய்யும்? உங்கட சனம்தான் வளைக்குது.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான். “நீங்கள் திடலுக்குச் சிவப்பு அடிச்சிருக்கிறியள். எங்கட பக்கத்தில சிவப்பெண்டா என்ன?”

நெற்றியில் அடித்துக்கொண்டேன். இந்த மாவட்டத்தில் சிவப்புத் தடி நட்டிருந்தால் கண்ணிவெடி, வெள்ளைத் தடி நட்டிருந்தால் எடுத்தாகிவிட்டது. வருடக்கணக்காக அந்தச் சிவப்பைச் சுற்றி நடந்த சனம். அவர்களிடம் போய்ச் சிவப்பைக் காட்டி, இதற்குள்ளால் உங்கள் பிள்ளையை நடத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். இங்கேயே பிறந்த எனக்கு எங்கே போனது புத்தி?

சிவப்பு எனக்குப் பிடித்த நிறம், அதுதான் காரணம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நத்தாருக்குக் கொழும்பு மாமி ஒரு சின்னப் போத்தல் சிவப்புக் கியூடெக்ஸ், நகப்பூச்சு, கொண்டுவந்து தந்தா. நான் என் பத்து விரலுக்கும் பூசி முடித்துவிட்டு, தம்பி மேர்வினைப் பிடித்து வைத்து அவனுடைய இடக்கால் பெருவிரலுக்கும் பூசிவிட்டேன். பொம்பிளைப் பிள்ளையின் சாமான் என்று அவன் குழறி அழுதான். “நாளைக்கு அழிச்சுவிடுறன் ராசா,” என்று அம்மா சொன்னா. அடுத்த நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. மேர்வின் கிடைக்கவில்லை. அவனுக்கு ஆறு வயது.

அன்றிலிருந்து அம்மா மீன் தின்பதில்லை. என்ர பிள்ளை அதுக்குள்ள கிடக்குது, அதில வாறதை நான் எப்பிடி வாயில வைக்கிறது என்று ஒரேயொரு தடவை சொன்னா. மீன்பிடிகாரன் வீட்டில், எங்கள் எல்லோருக்கும் மீன் கழுவிக் கறி வைத்துத் தந்துவிட்டுத் தான் பருப்போடு தின்பா. இருபத்தொரு வருடமாக.

திடலைப் பச்சையாக்கினோம். பழைய கோடுகளை ஒதுக்கிவிட்டு, தயவுசெய்து திரும்பவும் கீறுங்கள் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். ஐந்து நாளில் நூற்றுத் தொண்ணூறு கோடுகள் வந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன்.

அதே இடம். அதே நீளம். ஓரடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மதுசன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பசிக்குது என்று பொய் சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த நாள் வெயிலோடு வெளிக்குப் போனேன். டிலக்ஷியும் கூட வந்தாள். எருக்கலைகள் இடுப்பளவு நின்றன. நடுவால் ஒற்றையடிப் பாதை வெள்ளையாகப் போய், ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, திரும்பவும் ஒன்றானது. நடுவில் இருந்த புல்லில் நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடுகள் மட்டும்.

தெற்குப் பக்கத்து ஸுல்பிகா இடியப்பப் பெட்டியோடு றோட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தா. நான் மறித்துக் கேட்டேன்.

“ஏன் இதில சுத்திப் போறீங்க? நேரா போகலாமே.”

“சுத்தியா?” என்று ஸுல்பிகா சிரித்தா. “நான் நேராத்தானே போறன். வெயிலுக்குள்ள ஆரு மகள் சுத்தி நடக்கிற?” சொல்லிக்கொண்டே வளைந்து போனா. அவவின் காலடியும் பாதையும் வளைந்தன. அவவுக்கு அது தெரியவில்லை. பிறகு வந்த இரண்டு பேரிடமும் கேட்டேன். அவர்களும் நேரே போகிறோம் என்றார்கள், வளைந்துகொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தை நான் அப்படித்தான் வெளிக்காட்டுவேன். நடையைப் பதியும் செயலியைப் போனில் போட்டு, மகளைக் கையில் பிடித்து, கட்டடம் வரவிருந்த மூலையைக் கண்ணால் குறி வைத்து நேரே நடந்தேன். பாதி வழியில் போன் அடித்தது. குணரத்தினம் சேர், கட்டடத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. சனிக்கிழமை பின்னேரம் ஊர்க்கூட்டம், மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் தயாரா என்று கேட்டார். ஓம் சேர், ஓம் சேர் என்று கதைத்துக்கொண்டே நடந்து றோட்டுக்கு வந்தேன். பிறகு பதிவைப் பார்த்தேன்.

என் கோடும் வளைந்திருந்தது.

நான் நேரே நடந்தேன். அதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் போனில் என் பாதை, ஊர்ச் சனத்தின் பாதை போலவே, அந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் இடப்பக்கமாக ஒதுங்கிச் சுற்றி வந்திருந்தது.

“திரும்பிப் போவம் வா,” என்று மகளை இழுத்தேன். ஆடுகள் நின்ற புல்லின் ஓரத்தில் அவள் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அதுக்குள்ளால போறேல்லை அம்மா.”

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில், ஓட்டை தெரிகிற கோடுகளின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பா பேணாட், அறுபத்தாறு வயது, கடலுக்குப் போவதை விட்டு நான்கு வருடம். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

“இத ஆர் கீறினது?”

“எல்லாரும்தான் அப்பா. எங்கட பக்கம், அவையளின்ர பக்கம், எல்லாரும்.”

“சின்னப் பிள்ளையளுமோ?”

“ஓம்.”

அப்பா எழும்பிப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, குசினிக்குள் அம்மா நிற்கிறாவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். “திடல் எண்டா, மட்டப்படுத்த மண் கிண்டுற பெக்கோ வருமோ?”

“வராமல்? மேடும் பள்ளமுமா விட ஏலுமோ?”

“அந்த இடம் வேண்டாமெண்டு சொல்லிவிடு, பிள்ளை.”

“ஏன்?”

“வேண்டாமெண்டா வேண்டாம்.”

“காரணத்தைச் சொல்லுங்கோ. காரணமில்லாமல் நான் போய் என்னத்தைச் சொல்லுறது? அவள் ஆறு மணி பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறதோ?”

கடுமையாக ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது. உங்களுக்குப் பேத்தியைவிடப் புல்லுப் பெரிதா என்ற மாதிரி ஒன்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குணரத்தினம் சேருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே எடுத்தார். “இதென்ன பிள்ளை இது? மேலிடம் பார்த்தா கேப்பினம், வெடி கிடக்கோ, தண்ணி நிக்குதோ எண்டு. பரிசோதிக்க வேணும் எண்டு ஒரு வருசம் இழுப்பினம். அதுக்குள்ள கட்டடம் வேறை ஊருக்குப் போயிடும்.” பிறகு கேட்டார். “கோட்டைக் கொஞ்சம் நேராக்க ஏலாதோ?”

ஏலும். எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு கருவி உண்டு. விரல் நடுங்கிக் கோணல்மாணலாக வந்த கோடுகளைச் சீராக்குவதற்காக வைத்திருப்பது. அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சின்ன வளைவு போகும், பெரிய வளைவு போகும், கடைசியில் வீட்டுக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு நேர்கோடு மிஞ்சும். எனக்கு அப்பாவில் கோபம், பயத்தில் கோபம், அந்தப் புல்லில் கோபம். பொத்தானைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். நூற்றுத் தொண்ணூறு கோடுகளும் நிமிர்ந்தன. ஓட்டை மூடிவிட்டது.

சனத்தின் கருத்தைக் கேட்காத கூட்டங்களைத் திட்டித் திட்டி வளர்ந்தவள், சனம் சொன்னதை ஒரு விரலால் அழித்தேன். அதை நான் செய்தேன். குணரத்தினம் சேர் கேட்கத்தான் செய்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மீனவர் சங்க மண்டபம் நிறைந்திருந்தது. வடக்கார் ஒரு பக்கம், தெற்கார் ஒரு பக்கம், நடுவில் வழி விட்டு. அம்மாவும் டிலக்ஷியும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். அப்பா கடைசியில், கதவோடு. யன்னல்களுக்குப் படங்கு கட்டி இருட்டாக்கி, புரொஜெக்டரைப் போட்டோம். மேலிடத்துக்காரர் இருவரும் முன்னால் இருந்து தலையாட்டினார்கள்.

“இது திங்கட்கிழமை காலை, ஏழரை மணி,” என்று நான் சொன்னேன். “உங்கட பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினம்.”

பொத்தானைத் தட்டினேன். நூற்றுத் தொண்ணூறு வீடுகளிலிருந்து புள்ளிகள் வெளிக்கிட்டன, தலையில் பெயர்களோடு. சனம் சிரித்தது. அதோ என்ட மகன், இஞ்ச பார் உன்ர பெயர் என்று பிள்ளைகள் எழும்பி நின்று காட்டினார்கள். மின்ஹா, ஜக்சன், இஹ்ஸான். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வெளிக்குள் வந்தார்கள். கைதட்டல் கேட்டது. புள்ளிகள் திடலுக்குள் இறங்கின.

சிரிப்பு நின்றது.

முதலில் கதிரைகள் கிறீச்சிட்டன. இருட்டில் எனக்கு முன்வரிசைக் கால்கள்தான் தெரிந்தன. எல்லோரும் கால்களைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்கள். தரையில் தண்ணீர் வந்தால் இழுப்பது போல. திரையில் புள்ளிகள் நேரே, அந்த இடத்தின் மேலால் ஏறி நடந்துகொண்டிருந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ஆரோ மூச்சுக்குள்ளே ஜெபம் சொல்வது கேட்டது. மற்றப் பக்கத்திலும் அப்படி ஒரு முணுமுணுப்பு.

தெற்குப் பக்கத்திலிருந்து பஸ்மியா எழும்பினா. மின்ஹாவின் தாய், முப்பது வயது இருக்கும்.

“என்ட புள்ளைய அதுக்கு மேலால நடத்தாதீங்க!” என்று கத்தினா. “இது நான் கீறின பாதை இல்ல. நிப்பாட்டுங்க!”

“எதுக்கு மேலால?” என்று குணரத்தினம் சேர் கேட்டார்.

“எனக்குத் தெரியா,” என்றா பஸ்மியா. “ஆனா ஏலாது.”

ஓம், ஏலாது என்று எங்கள் பக்கத்திலிருந்தும் குரல்கள் வந்தன. நான் திரையைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து வந்த புள்ளி, டிலக்ஷி, புல்லின் ஓரத்தைத் தொட்டிருந்தது. அதை நானே நேராக்கியிருந்தேன். என்னால் அடுத்த அடியைப் பார்க்க முடியவில்லை. மடிக்கணினியின் மூடியை அடித்து மூடினேன். திரை வெறும் வெளிச்சமாக நின்றது.

“வளைவெல்லாத்தையும் நான்தான் எடுத்தனான்,” என்று சொன்னேன். “நீங்கள் எல்லாரும் அந்த இடத்தைச் சுத்தித்தான் கீறினனீங்கள். நான் மறைச்சுப் போட்டன்.”

ஆரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பின்னால் திரும்பியிருந்தார்கள். அப்பா கதவடியிலிருந்து நடுவழியால் வந்துகொண்டிருந்தார். தெற்குப் பக்கத்திலிருந்து கலீலுர் றஹ்மான் எழும்பினார். ஒரு காலத்தில் பெக்கோ ஓட்டியவர், இப்போது தடி ஊன்றி நடப்பவர். அவரும் அப்பாவும் றோட்டில் கண்டால் தலையாட்டுவார்கள். நின்று கதைத்ததை நான் பார்த்ததே இல்லை.

“றஹ்மான், சொல்லுவமோ?” என்று அப்பா கேட்டார்.

“சொல்லத்தான் வேணும் பேணாட் அண்ணன். இனி பெக்கோ வருகிதெண்டா சொல்லத்தான் வேணும்.”

அப்பா சனத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கடல் வந்து மூண்டாம் நாள். நீங்கள் எல்லாரும் முகாமில. நானும் றஹ்மானும்தான் திரும்பி வந்தனாங்கள், தேடிக்கொண்டு. கண்டல் பத்தைக்குள்ள பதினேழு பேர் கிடந்தவை. பதினொண்டு சின்னன். ஆர் எவர் எண்டு ஒண்டும் தெரியேல்லை. அப்பிடி ஆகியிருந்திச்சினம்.”

“நாய் வரத் துவங்கிட்டுது,” என்றார் றஹ்மான். “பெக்கோ என்ட கையில. வெளியில ஒரே குழியாத்தான் வெட்டினன். பிரிச்சு அடக்க வழியில்ல. அண்ணன் அவர்ட ஜெபத்தை எல்லாருக்கும் சொன்னார். நான் என்ட துஆவை எல்லாருக்கும் ஓதினன். ஆருக்கும் சொல்லுறதில்ல எண்டு பேசிக்கிட்டம். சொன்னா, ஒரு பக்கம் குருசு வைக்கக் கேக்கும், ஒரு பக்கம் மையவாடிக்குக் கொண்டுபோகக் கேக்கும். கிண்டிப் பாத்தா தாய்மார் தாங்க மாட்டாங்க.”

“சுத்திவர முள்ளு வெட்டிப் போட்டம்,” என்றார் அப்பா. “சனம் முகாமால வந்தாப் பிறகு முள்ளைச் சுத்தி நடந்தது. நாலைஞ்சு வருசத்தில முள்ளு உக்கிப் போச்சு. சனம் சுத்துறதை விடேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டுதான் இருந்தம்.”

அம்மா எழும்பியிருந்தா. எப்போது எழும்பினா என்று தெரியவில்லை. “ஒருத்தரையும் தெரியேல்லையோ?” என்று கேட்டா.

அப்பா றஹ்மானைப் பார்த்தார்.

“பதினொரு பிள்ளையிலயும் ஒருத்தரையும் தெரியேல்லையோ?”

“ஒரு பிள்ளை,” என்றார் அப்பா. “இடக்கால் பெருவிரலில சிவப்புக் கியூடெக்ஸ் இருந்திச்சு.”

என் கைகளைப் பார்த்தேன். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் அந்தக் கியூடெக்ஸைப் பூசியிருக்காவிட்டால் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அதற்காக நான் என்னைத் திட்டுவதா, நன்றி சொல்வதா?

அம்மா அவருக்குக் கிட்டப் போனா. இஞ்சாருங்கோ என்று மட்டுமே கூப்பிடுகிற அம்மா, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

“பேணாட். இருவத்தொரு வருசம் நான் மீன் தின்னேல்லை.”

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. “தெரியும் கிறேஸ். ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கடலில இருக்கிறான் எண்டு நீ நினைச்சா, எங்கயோ கரை சேர்ந்திருப்பான் எண்டும் நினைப்பாய்தானே. அதை என்னெண்டு பறிக்கிறது?”

பள்ளிக்கூடம் வரும். குணரத்தினம் சேர் இரண்டு மாதம் இழுத்தார், ஆனால் கடைசியில் திடலை வெளியின் மற்ற மூலைக்கு மாற்றி வரைபடம் வந்துவிட்டது. கட்டடம் கைவிட்டுப் போகவில்லை. அந்தப் புல்லுக்கு என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறது. சண்டை பிடிக்காமல் கதைக்கிறது, அதுவே பெரிய காரியம். ஆனால் அந்தச் சனிக்கிழமை இவை ஒன்றும் எனக்குத் தெரியாது. மேலிடத்துக்காரர் எழும்பிப் போயிருந்தார்கள். யன்னல் படங்குகளை ஆரோ அவிழ்த்துவிட்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அம்மா என்னிடம் கையை நீட்டினா. “உன்ர போனைத் தா.”

கொடுத்தேன். அம்மா இதுவரை அந்தத் தளத்தில் எதுவும் கீறியதில்லை. எங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பிடித்து விரலை வைத்தா. கோவிலைத் தாண்டி, எருக்கலைகளைத் தாண்டி, மெதுவாக இழுத்தா. எல்லோரும் வளைந்த இடத்தில் அம்மாவின் விரல் வளையவில்லை. நேரே உள்ளே போய், நடுவில் நின்றது. விரலை எடுத்தா.

பிள்ளையின் பெயர் கேட்டது. மேர்வின் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினா. வயது என்ற பெட்டியில் கொஞ்சம் நின்றா. பிறகு ஆறு என்று போட்டா. உடனே, நான் எழுதி நான் மெச்சிக்கொண்ட செய்தி வந்தது.

உங்கள் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை. பாதையைத் தொடருங்கள்.

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தா. “இதை எப்பிடி நிப்பாட்டுறது?” என்று என்னைக் கேட்டா. “இவ்வளவும்தான் அவன்ர பாதை.”

மடிக்கணினியைத் திறந்தேன். எழுத்துகள் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்து அந்த விதியைத் தேடினேன். வாசலைத் தொடாத கோட்டை ஏற்காதே என்ற ஒரே ஒரு வரி. அதை அழித்தேன். அம்மாவின் கையிலிருந்த போனில் செய்தி மறைந்தது. எங்கள் வாசலிலிருந்து ஒரு புள்ளி வெளிக்கிட்டது.

அது போய்ச் சேரும் வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. சேர்ந்து நின்றதும் போனைத் திருப்பித் தரப் பார்த்தா. எனக்கு முன்னால் வேறொரு கை நீண்டது. பஸ்மியாவின் கை.

“எனக்கும் ஒண்டு கீறணும்,” என்றா. “என்ட ராத்தாக்கு.” கடலோடு போன அக்காவைச் சொன்னா.

அவவுக்குப் பின்னால் வடக்காரும் தெற்காருமாகச் சனம் எழும்பி நின்றது. நான் கதிரையை இழுத்துப் போட்டு, பஸ்மியாவை இருக்கச் சொல்லி, வீட்டுக் கூரை எங்கே என்று காட்டிக் கொடுத்தேன்.